தாளில் நிற்காத வேப்பெண்ணெய்: சின்ன வெங்காயமும் இலைப்பேனும்

இலைப்பேன் என்னும் சாறுறிஞ்சும் சிறு பூச்சிக்கு வேப்பெண்ணெய் தெளித்து மூன்று முறை தோற்றபின் நான்காவது முறை ஓரளவு வென்றிருப்பதால் இதை எழுதுகிறேன். திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், தை மாதக் கடைசி வாரத்தில், 24 அங்குல அகலமுள்ள 6 பைகளில் பைக்கு 25 வீதம் 150 சின்ன வெங்காயம் ஊன்றினேன். இன்று 52-ஆம் நாள். நான்கு பைகளில் வெங்காயத் தாள் பச்சையாக நிமிர்ந்து நிற்கிறது. மற்ற இரண்டில் வைக்கோல் போல வெளுத்துச் சாய்ந்து கிடக்கிறது. மண் கலவை, ஊன்றும் ஆழம் முதலியவை மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்தவைதாம் என்பதால் நேராகப் பூச்சிக்கு வருகிறேன்.

20-ஆம் நாள் வாக்கில், தாள்களின் மேல் யாரோ சாம்பலைத் தொட்டு இழுத்தது போல வெள்ளிநிறக் கீற்றுகள் தெரிந்தன. நுனிகள் மஞ்சளித்துச் சுருண்டன. நான் அதைப் பூஞ்சையால் வரும் கருகல் நோய் என்று முடிவுகட்டி, சூடோமோனாஸ் என்னும் நோயடக்கும் பாக்டீரியாவைக் கரைத்து இரண்டு முறை தெளித்து, எட்டு நாட்களை வீணாக்கினேன். ஒரு தூறல்கூட இல்லாத மாசி வெயிலில் பூஞ்சை இத்தனை வேகமாகப் பரவுமா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் போனதற்கு என்னைத் தவிர வேறு யாரையும் குறைசொல்ல முடியாது.

பிறகுதான், மகளின் பள்ளிப் பையிலிருந்து ஒரு கறுப்பு அட்டையை எடுத்துச் சென்று, செடியின் அடியில் பிடித்துக்கொண்டு தாளை இரண்டு தட்டுத் தட்டினேன். அட்டையில் விழுந்தவை முதலில் தூசியாகத்தான் தெரிந்தன. சில நொடிகளில் அந்தத் தூசி நகரத் தொடங்கியது. ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத வெளிர்மஞ்சள் குஞ்சுகள். அவற்றோடு சற்றே பெரிய, பழுப்பு நிறமான வளர்ந்த பேன்கள். குஞ்சுகள் வெளிர்நிறம் என்பதால் வெள்ளைக் காகிதத்தில் தட்டினால் கண்ணில் படுவதில்லை, கறுப்பு அட்டையே வேண்டும். நடுத்தாள்கள் இரண்டும் பிரியும் கழுத்துப் பகுதியை விரலால் மெல்ல விலக்கி, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸில் பார்த்தபோது, அந்த இடுக்கில் அவை வரிசையாக ஒண்டிக்கொண்டிருந்தன. சுற்றிலும் கறுப்பு மையால் குத்தியது போல அவற்றின் எச்சம். வெள்ளிக் கீற்றும் அதன்மேல் இந்தக் கறுப்புப் புள்ளிகளும் சேர்ந்திருந்தால் இலைப்பேன் என்பதில் ஐயம் வேண்டாம். இது தாளின் மேல்தோலைச் சுரண்டிச் சாற்றை உறிஞ்சுகிறது. சாறு போன இடத்தில் காற்று புகுவதால்தான் அந்த வெள்ளி மினுமினுப்பு. அந்தக் காயங்களின் வழியே ஊதா நிறப் புள்ளிகளோடு வரும் உண்மையான கருகல் நோயும் பின்னால் நுழையக்கூடும் என்பதால், என் முதல் ஊகம் பாதி பொய், பாதி முன்கூட்டிய உண்மை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்று செடிகளில் மட்டும் வேறு கதை. அங்கே தாள் நீளவாக்கில் கண்ணாடி போல வெளுத்திருந்தது. வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது, குழல் போன்ற தாளுக்குள்ளே ஒரு பச்சைப்புழு பச்சையத்தைச் சுரண்டித் தின்றுகொண்டிருப்பதும், அதன் கழிவு அடியில் குவிந்திருப்பதும் நிழலாகத் தெரிந்தன. தாளின் மேற்பகுதியில் அது நுழைந்த ஓட்டை இருந்தது. இதற்கு மருந்தெல்லாம் தேவைப்படவில்லை. தாளைக் கிள்ளிப் புழுவோடு நசுக்கினேன், முடிந்தது. 150 செடிக்காரனுக்கு இது எளிது. ஏக்கர்க் கணக்கில் போட்டவருக்கு நான் அறிவுரை சொல்ல மாட்டேன்.

இனி என்னை மூன்று வாரம் தூங்கவிடாத விஷயம். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கலந்து தெளித்தேன். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு தாளிலிருந்து உருண்டு மண்ணில் விழுந்தது. வெங்காயத் தாளின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பது எனக்குத் தெரியாததல்ல, ஆனால் அது தெளிப்பை இவ்வளவு முழுமையாகத் தோற்கடிக்கும் என்று நினைக்கவில்லை. அடுத்த முறை பாத்திரம் கழுவும் திரவத்தைத் தாராளமாக ஊற்றி, பொறுமையின்றி உச்சிவெயிலில் தெளித்தேன். கரைசல் நன்றாக ஒட்டியது. மறுநாளே இரண்டு பைகளில் தாள் நுனியெல்லாம் வெந்துவிட்டது. இன்று வைக்கோலாகக் கிடப்பவை அந்த இரண்டு பைகள்தாம். மூன்றாம் முறை வெறும் எண்ணெயையே இரட்டிப்பாக்கினேன். கை நாறியதுதான் மிச்சம்.

அந்த வாரம் வீட்டுக்கு வெங்காயம் வாங்கத் திருச்சி பால்பண்ணைப் பகுதி மண்டிக்குப் போயிருந்தபோது, பெரம்பலூர் மாவட்டச் செட்டிகுளம் பக்கமிருந்து மூட்டை இறக்க வந்திருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் புலம்பினேன். “தம்பி, வெங்காயத் தாளு தாமரை எலை மாதிரி. பசை கலக்காம அடிச்சா மருந்து தரைக்குத்தான் போகும். அதுவும் மேலாக்க அடிச்சிட்டு வந்திருப்பீங்க. பேனு குருத்துலல்ல உக்காந்திருக்கு?” என்றார். “பசை எங்கேங்கய்யா கிடைக்கும்?” என்று கேட்டதற்கு, “மாடிக்கு எதுக்கு அதெல்லாம், பூந்திக்கொட்டை போதும்” என்று சிரித்துவிட்டு மூட்டையைப் பார்க்கப் போய்விட்டார்.

பூந்திக்கொட்டை என்பது சோப்பு போல நுரைக்கும் காய்தான். பத்துப் பூந்திக்கொட்டைகளின் கொட்டையை நீக்கி, தோலை மட்டும் 200 மில்லி தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்துப் பிசைந்து, வேட்டித் துணியில் இருமுறை வடிகட்டினேன். துணி நெருக்கமாக இல்லாவிட்டால் தெளிப்பானின் வாய் அடைத்துக்கொள்கிறது. 5 மில்லி எண்ணெயை நேராக ஒரு லிட்டர் தண்ணீரில் ஊற்றுவதுதான் பலரும் செய்யும் பிழை. முதலில் சிறு பாட்டிலில் எண்ணெயையும் 50 மில்லி பூந்திச் சாற்றையும் சேர்த்து, பாலைப் போல வெளுக்கும் வரை குலுக்கி, அதன் பிறகே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். கலந்ததை ஐந்து நிமிடம் அசைக்காமல் வைத்து, மேலே எண்ணெய்க் கண் மிதக்கிறதா என்று பார்க்கிறேன். மிதந்தால் மீண்டும் குலுக்கல். பிறகு ஒரு தாளை ஒடித்துக் கரைசலில் முக்கி எடுக்கிறேன். நீர் முத்தாகத் திரண்டால் சாறு போதவில்லை. மெல்லிய படலமாகத் தாளோடு ஒட்டினால் சரி. சாற்றை 10 மில்லி கூட்டுவதும் மீண்டும் முக்குவதுமாக ஒரு மாலை முழுவதும் போனதைப் பார்த்து, “இதைவிடக் கடையில் ஒரு கிலோ வாங்கியிருக்கலாம்” என்று மனைவி சொன்னதை இங்கே பதிவு செய்யாமல் விட்டால் நேர்மையாகாது.

எனக்கு லிட்டருக்கு 70 மில்லியில் படலம் நின்றது. வெயில் சாய்ந்தபின், தெளிப்பான் முனையைச் செடிக்கு நேர்மேலே பிடித்து, கழுத்து இடுக்கில் கரைசல் தேங்கும்படி அடித்தேன். முட்டைகள் தாளின் திசுவுக்குள் இருக்கும், கூட்டுப்புழு நிலையோ பெரும்பாலும் மண்ணில் கழியும். இரண்டையும் இந்தத் தெளிப்பு தொடாது. ஆகவே ஐந்து நாட்களுக்கு ஒருமுறை என மூன்று தடவை தெளித்து, மேல்மண்ணில் வேப்பம்புண்ணாக்கும் கிளறிவிட்டேன். பத்துச் செடிகளைத் தட்டி எண்ணியதில், முதல் தெளிப்புக்கு முன் 140-க்கு மேல் இருந்தவை, மூன்றாவதற்குப் பிறகு 31 ஆயின. இடையில் ஒரு நாள் கோடை மழை அரைமணி நேரம் கொட்டியதையும் சொல்லியாக வேண்டும். அது கழுவித் தள்ளியது எத்தனை, என் பூந்திக்கொட்டை கொன்றது எத்தனை என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இப்போது காலையில் பூவாளியால் தாள் நனைய மேலிருந்தே தண்ணீர் ஊற்றுகிறேன்; வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடுவதால் பூஞ்சைக்குப் பயமில்லை.

தவறுகள் இன்னும் இரண்டு உண்டு. வாராவாரம் கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றித் தாளைக் கொழுக்க வைத்தேன். தழைச்சத்து மிகுந்த இளந்தாள் பேனுக்கு விருந்து. மேலும், சமையலறையில் முளைவிட்ட பூண்டுப் பற்களை ஊன்றியிருந்த பழைய வாளியைத் தட்டிப் பார்த்தபோது, வெங்காயத்தில் இருப்பதைவிட அதில்தான் கூட்டம் அதிகம். வாளி அன்றே காலியாயிற்று.

தெளிப்பானைப் பற்றியும் ஒரு வார்த்தை. இணையத்தில் வாங்கிய இரண்டு லிட்டர் அழுத்தத் தெளிப்பானின் ரப்பர் வளையம், வேப்பெண்ணெய் பட்ட ஒரு வாரத்தில் உப்பிப்போய்க் காற்றைப் பிடிக்க மறுத்தது. மாற்று வளையம் தர மாட்டார்களாம். தெருமுனைக் குழாய்ச் சாமான் கடையில் மூன்று ரூபாய்க்குக் கிடைத்த வளையம் இன்றுவரை தாக்குப்பிடிக்கிறது.

அடுத்த பட்டத்துக்கு, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 5 ரகத்தை விதையிலிருந்தே நாற்றுவிட்டுப் பார்க்க எண்ணம். நீல நிற ஒட்டும் அட்டைகளையும் வாங்கி வைத்திருக்கிறேன். ஊன்றிய அன்றே அவற்றைத் தொங்கவிட்டால், பேன் வந்து சேரும் நாளாவது தெரியும். இந்தப் பட்டத்தின் எடையைத் தாள் சாய்ந்தபின்தான் சொல்ல முடியும். நேற்று ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். நான்கு பல் திரண்டிருக்கிறது, நாளை மீண்டும் கறுப்பு அட்டையோடு மாடிக்குப் போக வேண்டும்.