ஆச்சியின் விரலும் தொடுதிரையும்

திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடலில் பீடி சுற்றும் முதியவர்களின் நினைவாற்றலைச் செல்பேசிச் செயலி ஒன்றால் சோதிக்கிறோம். நாங்கள் முதலில் சோதித்த ஆச்சிக்கு வயது 71. செயலி ஐந்து சொற்களைச் சொல்லும். ஐந்து நிமிடம் கழித்து அவற்றுக்குரிய படங்களைத் தொட வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் ஆச்சி பீடித்தட்டை மடிக்கு இழுத்து ஒரு கட்டு கட்டி வைத்தார். எண்ணிப் பார்க்கவே இல்லை. நான் எண்ணினேன்: சரியாக 25.

பிறகு சரியான படத்தைத்தான் தொட்டார். திரை அசையவில்லை. அழுத்தினார், நகத்தால் தட்டினார். நேரம் முடிந்துவிட்டதென்று செயலி பூஜ்யம் போட்டது. ஆண்டுக்கணக்கில் இலை சுருட்டிக் காய்த்துப்போன விரலைத் தொடுதிரை எளிதில் உணராது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. “எனக்குப் புத்தி மங்கிவிட்டதா தாயி?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் வாயில் வரவழைத்தது எங்கள் சோதனை. அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

இது என் முதுகலை உளவியல் ஆய்வேடு. நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கே நான்கு மாதம் ஆனது. ஒப்புதல் படிவம் இருமுறை திரும்பி வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைரேகை வாங்கினால், ஆய்வைச் சாராத ஒருவர் சாட்சியாக உடனிருந்து கையெழுத்திட வேண்டும்; அந்த இடமே எங்கள் படிவத்தில் இல்லை. அப்போது எரிச்சலாக இருந்தது. குழு சொன்னதுதான் சரி.

ஆச்சிக்கு நேர்ந்ததற்குப் பிறகு மீண்டும் குழுவிடம் போனோம். வழிகாட்டி ஒரு பழைய கட்டுரையைப் படிக்கச் சொன்னார். 1975-இல் வந்த, நினைவையும் சிந்திக்கும் திறனையும் பார்க்கும் 30 மதிப்பெண் சோதனை ஒன்று ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும். அரியானாவின் பல்லப்கர் கிராமங்களுக்காக அதை இந்தியில் மாற்றி 1995-இல் வெளியிட்டவர்கள், எழுதுவதற்குப் பதில் வீட்டைப் பற்றி ஒரு வரி சொல்லச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் போகாததை மறதியாகக் கணக்கிடக் கூடாதல்லவா? நாங்கள் செய்துகொண்டிருந்ததும் அதே பிழைதான், செல்பேசி வடிவில்.

இப்போது பதிலை வாயால் சொன்னால் போதும், தொடுவது நாங்கள். மதிப்பெண் இல்லாத பயிற்சிச் சுற்று ஒன்று உண்டு. காத்திருக்கும் ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் ஒரே வேலை: கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்வது. கண்ணாடி போட்டிருக்கிறாரா, காது கேட்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்கிறோம். ஆச்சியின் முதல் பதிவை அழிக்கவில்லை. கருவிக் கோளாறு என்று குறித்துக் கணக்கிலிருந்து விலக்கினோம்.

எதிர்பாராத சிக்கல் பிள்ளைகளிடமிருந்து வந்தது. ஒரு வீட்டில் மகன், “அம்மாவுக்கு எத்தனை மார்க்?” என்று விடவே இல்லை. அம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இது நோயைக் கண்டறியும் பரிசோதனை அல்ல என்று விளக்கினேன். அம்மாவின் சம்மதமில்லாமல் மதிப்பெண்ணைச் சொல்ல முடியாதென்று மறுத்தேன். மகனுக்குக் கோபம். பரவாயில்லை. கவலை இருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லிவிட்டு வந்தேன்.

நாற்பதில் 31 பேர் முடிந்திருக்கிறது. மீதிப் பேரை, பீடிக்கட்டுகளை ஒப்படைத்துவிட்டு வரும் நேரமாகப் பார்த்துச் சந்திக்கிறோம்.