கிணற்று உவர்ப்பும் நிரூபிக்கும் சுமையும்

மாலத்தீவின் வெளித் தீவுகளில் நிலத்தடி நீரின் உவர்ப்பை அளப்பது என் வேலையின் பெரும்பகுதி. அங்கே பவள மணலுக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் அதன்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது; வீட்டு முற்றத்துக் கிணறுகள் அந்தப் படலத்தைத்தான் தொடுகின்றன. கடல் மட்டம் உயர உயரக் கீழிருந்து உப்பு நெருங்கும். உயரலை கரை தாண்டினால் மேலிருந்தும் இறங்கும். பருவநிலையோடு தொடர்பில்லாத 2004 சுனாமியே பல தீவுகளின் கிணறுகளைக் கெடுத்து, இந்தப் படலம் எவ்வளவு மென்மையானது என்பதைக் காட்டிவிட்டுப் போனது. இப்போது பெரும்பாலான வீடுகளில் கிணற்று நீர் குளிக்கவும் துவைக்கவும் மட்டுமே; குடிப்பதற்குக் கூரையிலிருந்து பிடித்த மழைநீர் அல்லது கடல்நீரைச் சுத்திகரித்த நீர். வடகிழக்குப் பருவக்காற்றின் வறண்ட மாதங்களில் தொட்டிகள் காலியானால், தண்ணீர் கப்பலில் வந்து இறங்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் எழுதும் அறிக்கைகள் பருவநிலை நிதிக்கான விண்ணப்பங்களோடு இணைக்கப்படுகின்றன. அவற்றைப் பரிசீலிப்பவர்களிடமிருந்து ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: இந்த உப்பில் பருவநிலை மாற்றத்தின் பங்கு எவ்வளவு, அளவுக்கு மீறி இறைத்ததன் பங்கு எவ்வளவு? பொறியாளராக அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். மின்மோட்டார் வந்தபின் இறைப்பு கூடியது உண்மை. கழிவுநீர்த் தொட்டிகள் கிணறுகளை மாசுபடுத்துவதும் உண்மை. ஆனால் பருவநிலையின் பங்கையும் இவற்றின் பங்கையும் பிரித்துச் சொல்லப் பல பத்தாண்டுகளின் தொடர்ச்சியான பதிவுகள் வேண்டும். சில நூறு பேர் வாழும் ஒரு தீவில் அத்தகைய பதிவுகளை வைத்திருக்க யார் பணம் கொடுத்தார்கள்? சிறு தீவு நாடுகள் எல்லாம் சேர்ந்தும் உலக உமிழ்வில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே வெளியிடுகின்றன. ஆதாரம் திரட்டும் சுமை மட்டும் முழுமையாக அவர்கள் தோளில் ஏற்றப்பட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த நாடுகள் தாமதமாகவும் பேசவில்லை, தயங்கியும் பேசவில்லை. 1987 ஏப்ரலில் பேரலைகள் மாலத்தீவின் தலைநகர் மாலேயைத் தாக்கியபின், அதே ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் அந்நாட்டின் அன்றைய அதிபர் கயூம் தன் நாட்டுக்கு வரவிருக்கும் ஆபத்தை எடுத்துரைத்தார். 1990இல் சிறு தீவு நாடுகளின் கூட்டணி உருவானது. கடல் மட்ட உயர்வால் வரும் இழப்புக்குத் தொழில்மய நாடுகள் பணம் செலுத்தும் காப்பீட்டு ஏற்பாடு ஒன்றை 1991இலேயே பசிபிக் தீவு நாடான வனுவாட்டு அந்தக் கூட்டணியின் சார்பில் முன்வைத்தது. இழப்பு மற்றும் சேதத்துக்கான நிதியம் அமைக்க உலகம் ஒப்புக்கொண்டது 2022இல், ஷார்ம் எல்-ஷேக் மாநாட்டில்.

நிதியைவிட முக்கியம், புவியின் வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த வேண்டும் என்ற சிறு தீவு நாடுகளின் கோரிக்கை. வெப்ப உயர்வு 1.5 டிகிரியில் நின்றால் பவளப்பாறைகளில் 70 முதல் 90 சதவீதம் வரை அழியும் என்றும், 2 டிகிரியைத் தொட்டால் 99 சதவீதத்துக்கும் மேல் அழியும் என்றும் பருவநிலை மாற்றத்தை ஆராயும் பன்னாட்டு அறிவியலாளர் குழுவின் (IPCC) 2018ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிடுகிறது. வெளியே அலையை உடைப்பதும், உள்ளே தீவுக்கு மணலைத் தருவதும் அந்தப் பாறைதான். மாலேயைச் சுற்றி ஜப்பானின் உதவியோடு தடுப்புச்சுவர் கட்டப்பட்டது. மக்கள் வாழும் மற்றத் தீவுகள் அனைத்துக்கும் அப்படிக் கட்ட முடிந்தாலும், நுண்துளைகள் நிறைந்த பவளத் தரையின் வழியே அடியிலிருந்து ஏறும் உவர்நீரைச் சுவர் தடுக்காது.

தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் தொடங்கி, வனுவாட்டு முன்னின்று நடத்திய முயற்சியால், 2025 ஜூலை 23 அன்று பன்னாட்டு நீதிமன்றம் பருவநிலை மாற்றத்தில் நாடுகளுக்குள்ள கடமைகள் பற்றித் தன் ஆலோசனைக் கருத்தை வழங்கியது. அதில் காரணத்தொடர்பு பற்றிய பகுதியை நான் மிகுந்த கவனத்தோடு படித்தேன். உள்ளூர் மாசுபாட்டைவிட இங்கே காரணமும் விளைவும் தொலைவில் இருந்தாலும் அந்தத் தொடர்பை நிறுவுவது இயலாததல்ல என்றும், ஒவ்வொரு நிகழ்விலும் அதைத் தனித்தனியே மதிப்பிட வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறுகிறது. அதன்பின் எழுதும் அறிக்கைகளிலும் இறைப்பையும் கழிவுநீரையும் மறைக்காமல் குறிப்பிடுகிறேன். ஆனால் பழைய பதிவுகள் ஏன் இல்லை என்பதையும், இனி அளவெடுப்பதற்கான செலவு அதே திட்ட நிதியிலிருந்து வர வேண்டும் என்பதையும் இணைப்பில் தள்ளாமல் முதல் பக்கத்திலேயே எழுதுகிறேன்.