திரையில் தெரியாத வெளிச்சம்: செய்முறைத் தேர்வில் வெளி ஃபிளாஷும் லைவ் வியூவும்

விஸ்காம் பட்டப்படிப்பில் ஒளிப்படச் செய்முறைத் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களில் பெரும்பாலோர், பகல் வெளிச்சத்தில் நல்ல படம் எடுக்கத் தெரிந்தவர்கள்தாம். அவர்களுக்குக் கை நடுங்குவது, கேமராவின் மேல் வெளி ஃபிளாஷைப் பொருத்தி, பின்புறத் திரையைப் பார்த்தபடியே, அதாவது லைவ் வியூவில், படம் எடுக்கச் சொல்லும்போதுதான். திரையில் தெரிவதே படத்தில் பதியும் என்பது கைப்பேசி நமக்குக் கொடுத்த பழக்கம். ஃபிளாஷோ, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு மின்னிவிட்டு மறைவது. அந்த வெளிச்சத்தை முன்கூட்டியே காட்ட எந்தத் திரையாலும் முடியாது. நான் இத்தேர்வுக்குப் படித்தபோது எனக்குப் பயன்பட்ட முறை முழுவதும் இந்த ஒரு உண்மையிலிருந்து கிளைத்ததுதான்: திரை காட்டும் வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்து அமைக்க வேண்டும், திரை காட்டாத வெளிச்சத்தைக் கணக்கால் அமைக்க வேண்டும்.

ஃபிளாஷ் போட்டு எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் இரண்டு வெளிச்சங்கள் தனித்தனியே பதிகின்றன. அறையில் ஏற்கெனவே இருக்கும் டியூப்லைட் அல்லது ஜன்னல் வெளிச்சம் ஒன்று. ஃபிளாஷின் வெளிச்சம் மற்றொன்று. அபெர்ச்சரும் (லென்ஸின் திறப்பளவு) ஐஎஸ்ஓவும் (சென்சாரின் ஒளியுணர்திறன்) இரண்டையும் பாதிக்கும். ஷட்டர் வேகம் அறை வெளிச்சத்தை மட்டுமே கூட்டும் அல்லது குறைக்கும். ஃபிளாஷின் ஆற்றல் அளவும், அது பொருளிலிருந்து இருக்கும் தூரமும் ஃபிளாஷ் வெளிச்சத்தை மட்டுமே மாற்றும். இந்த விதிகளை மனப்பாடம் செய்வதால் பயன் குறைவு. செய்து பார்த்தால் மறக்காது. ஒருவரைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்தி, ஃபிளாஷை மேனுவலில் வைத்து, அபெர்ச்சர் எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400 என்ற அளவுகளை மாற்றாமல், முதலில் 1/30 நொடியிலும் பிறகு 1/200 நொடியிலும் படம் எடுங்கள். முகத்தின் வெளிச்சம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பின்னால் இருக்கும் சுவரும் மேசைகளும் இருண்டுவிடும். இந்த இரண்டு படங்களையும் அருகருகே ஒட்டி ரெக்கார்டு நோட்டில் வைத்திருந்தேன். வெளித் தேர்வாளர் அந்தப் பக்கத்தில்தான் நின்றார். வாய்மொழித் தேர்வின் பாதிக் கேள்விகள் அதிலிருந்தே வந்தன.

கணக்கு என்று சொன்னது கைடு நம்பரை. ஃபிளாஷின் திறனைக் குறிக்கும் இந்த எண்ணை, மீட்டரில் அளந்த தூரத்தால் வகுத்தால் ஐஎஸ்ஓ 100-இல் வைக்க வேண்டிய அபெர்ச்சர் கிடைக்கும். கைடு நம்பர் 40 உள்ள ஃபிளாஷ் 2.5 மீட்டர் தொலைவில் இருக்கிறதென்றால், 40-ஐ 2.5-ஆல் வகுக்க 16 வருகிறது. ஆகவே முழு ஆற்றலில் எஃப் 16 சரியாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது எஃப் 5.6 என்றால், 16, 11, 8, 5.6 என்று மூன்று படிகள் திறக்கிறீர்கள் (ஒவ்வொரு படியும் வெளிச்சத்தை இரட்டிக்கும்); ஆற்றலை அதே மூன்று படிகள் குறைத்து 1/8-இல் வைக்க வேண்டும். ஐஎஸ்ஓவை 100-இலிருந்து 400-க்கு ஏற்றினால் கைடு நம்பர் இரு மடங்காகும். ஆற்றலை முழுமையிலிருந்து 1/4-க்கு இறக்கினால் பாதியாகும். தூரத்தை இரட்டித்தால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும் என்னும் எதிர் இருமடி விதியே இந்த வகுத்தலுக்குள் ஒளிந்திருக்கிறது. தேர்வு அறையில் கால்குலேட்டரைத் தேடாமல் இதை மனக்கணக்காகச் சொல்லும் மாணவருக்குத் தேர்வாளரிடம் தனி மதிப்பு ஏற்படுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

பெட்டியின் மேல் அச்சிட்ட கைடு நம்பரை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேனன் 600இஎக்ஸ்-ஆர்டி ஃபிளாஷுக்கு 60 என்று குறிப்பிடுவது, அதன் தலையை 200 மில்லிமீட்டர் ஜூமில் குவித்து வைத்திருக்கும்போது. நிக்கான் எஸ்பி-700-க்கு 28 என்று குறிப்பிடுவது 35 மில்லிமீட்டர் நிலையில். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து, ஒன்று மற்றொன்றைவிட இரு மடங்கு சக்தி வாய்ந்தது என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். உங்கள் கையேட்டின் கடைசிப் பக்கங்களில், ஒவ்வொரு ஜூம் நிலைக்கும் ஆற்றல் அளவுக்கும் உரிய எண் அட்டவணையாகத் தரப்பட்டிருக்கும். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஜூம் நிலைக்கு உரிய வரியை மட்டும் எழுதிக்கொண்டால் போதும்.

இனி லைவ் வியூவுக்கு வருவோம். டிஎஸ்எல்ஆர் கேமராவில் இந்த நிலையை இயக்கியதும் கண்ணாடி மேலே எழுந்துவிட, சென்சாரில் விழும் காட்சி நேராகத் திரைக்கு வருகிறது; மிரர்லெஸ் கேமராவில் கண்ணாடியே இல்லாததால் எப்போதும் இதே நிலைதான். பல கேமராக்களில், நீங்கள் வைத்திருக்கும் ஷட்டர், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ அளவுகளில் படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்பதைத் திரையே பாவித்துக் காட்டும். கேனன் இதை எக்ஸ்போஷர் சிமுலேஷன் என்கிறது; சோனியில் செட்டிங் எஃபெக்ட் என்ற பெயரில் இருக்கிறது. ஃபிளாஷ் இல்லாதபோது இது பெரிய உதவி. ஃபிளாஷ் வந்ததும் இதுவே குழப்பத்தின் ஊற்றாகிறது. ஸ்டுடியோவில் 1/160 நொடி, எஃப் 8, ஐஎஸ்ஓ 100 என்று வைத்தால், அறை வெளிச்சத்துக்கு அது மிகக் குறைவு என்பதால் திரை கறுத்துப்போகும். மாணவர் பதறிப்போய் ஐஎஸ்ஓவை ஏற்றுவார். ஃபிளாஷ் எரிந்ததும் படம் முழுதும் வெளுத்துவிடும்.

கேமராவின் சொந்த நிறுவன ஃபிளாஷைப் பொருத்தி இயக்கினால், பல கேமராக்கள் அதை அறிந்துகொண்டு திரையைத் தாமாகவே வழக்கமான வெளிச்சத்துக்கு மாற்றிக்கொள்ளும். ஒற்றை முனை கொண்ட மலிவான டிரிகரை, அதாவது தள்ளி நிற்கும் ஃபிளாஷை எரியச் செய்யும் கருவியை, மாட்டினால், ஃபிளாஷ் இருப்பதே கேமராவுக்குத் தெரியாது. அப்போது சிமுலேஷனை மெனுவுக்குள் சென்று நாம்தான் அணைக்க வேண்டும். கல்லூரி ஆய்வகங்களில் இருப்பவை பெரும்பாலும் இத்தகைய டிரிகர்களே என்பதால், இந்த மெனு எங்கே இருக்கிறது என்பதைத் தேர்வுக்கு முன்பே கை பழகியிருக்க வேண்டும். கல்லூரிக் கேமராவின் மெனுவும் உங்கள் கேமராவின் மெனுவும் ஒன்றாக இருக்குமென்று எண்ணாதீர்கள்.

ஆனால் சிமுலேஷனை எப்போதுமே அணைத்து வைக்கவும் வேண்டாம். சூழலும் சேர்ந்து தெரிய வேண்டிய படத்துக்கு, எடுத்துக்காட்டாக ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரின் உருவப்படத்துக்கு, நான் கடைப்பிடித்த வரிசை இது. ஃபிளாஷை அணைத்துவிட்டு, சிமுலேஷன் இயங்கும் நிலையில், பின்னணி எந்த அளவுக்கு மங்கலாக வேண்டுமோ அந்த அளவுக்குத் திரையைப் பார்த்தே ஷட்டரை அமைப்பேன். வழக்கமான அளவைவிட ஒன்றரை அல்லது இரண்டு படி குறைவாக வைத்தால், முகம் பின்னணியிலிருந்து எடுப்பாகப் பிரிந்து நிற்கும். அதன் பிறகே ஃபிளாஷை இயக்கி, கைடு நம்பர் கணக்குப்படி ஆற்றலை வைத்து ஒரு சோதனைப் படம் எடுப்பேன். லைவ் வியூவில் ஓடும் ஹிஸ்டோகிராமும் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) ஃபிளாஷை அறியாது என்பதால், எடுத்த படத்தைத் திரும்பப் பார்க்கும்போது வரும் ஹிஸ்டோகிராமை மட்டுமே நம்ப வேண்டும். முழுக்க ஃபிளாஷால் மட்டுமே ஒளியூட்டும் படம் என்றால் எதிர்த்திசையில் ஒரு சோதனை உண்டு: டிரிகரை அணைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள், அது கறுப்பாக வந்தால், டியூப்லைட்டின் பச்சைச் சாயல் உங்கள் படத்துக்குள் நுழையவில்லை என்று உறுதியாகும். இந்தக் கறுப்புப் படத்தை அழிக்காமல் தேர்வாளரிடம் காட்டுங்கள்.

ஃபிளாஷ் போடும்போது ஷட்டர் வேகத்துக்கு மேல்வரம்பு ஒன்று உண்டு. கேனன் 1500டி, நிக்கான் டி5600 போன்றவற்றில் அது 1/200 நொடி. நிக்கான் டி7500, கேனன் 80டி போன்றவற்றில் 1/250. இதற்கு மேல் போனால், ஷட்டரின் முதல் மறைப்பு முழுதும் திறந்து முடிவதற்குள்ளேயே அதன் இரண்டாம் மறைப்பு மூடத் தொடங்கிவிடுவதால், சென்சாரின் ஒரு பகுதிக்கு ஃபிளாஷ் எட்டாமல் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். ஹை-ஸ்பீடு சிங்க் என்ற வசதி, ஒரே மின்னலுக்குப் பதிலாக மிக வேகமாகத் துடிக்கும் சிறு மின்னல்களை அனுப்பி இதைச் சமாளிக்கிறது. அதற்கு விலையாக ஃபிளாஷின் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். லைவ் வியூ திரையில் 1/500 நொடி வைத்தாலும் காட்சி அழகாகவே தெரியும். பட்டை படத்தில்தான் தெரியும்.

குவியம் பற்றி நான் சொல்வதைச் சிலர் ஏற்பதில்லை, ஆயினும் சொல்கிறேன். 1500டி போன்ற தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரில் உருவப்படம் எடுக்கும்போது லைவ் வியூவைத் தவிர்த்துவிடுங்கள். அதில் திரைவழி ஆட்டோஃபோகஸ் காட்சியின் ஒளி-இருள் மாறுபாட்டை அளந்து தேடுவது. மங்கிய அறையில் முன்னும் பின்னுமாக அலையும். ஃபிளாஷின் முகப்பிலிருந்து வரும் சிவப்பு உதவிக் கதிரும் கண்பார்வைத் துளை வழியாக எடுக்கும்போதுதான் பயன்படும். 2013-இல் 70டி கேமராவுடன் கேனன் கொண்டுவந்த டூயல் பிக்சல் ஆட்டோஃபோகஸ் உங்கள் கேமராவில் இருந்தால் இந்தச் சிக்கல் வெகுவாகக் குறையும். பொருள்களை எடுக்கும் படத்துக்கோ லைவ் வியூவை மிஞ்சியது வேறில்லை. டிரைபாடில் கேமராவை நிறுத்தி, காட்சியைப் பத்து மடங்கு பெரிதாக்கி, கையால் குவியம் அமைத்தால், குத்துவிளக்கின் அன்னத்தின் கண்வரைக்கும் கூர்மையாகப் பிடிக்கலாம். டெப்த் ஆஃப் ஃபீல்டு (தெளிவின் ஆழம்) பொத்தானை அழுத்தி எது வரை தெளிவாக இருக்கிறது என்று பார்ப்பதும் திரையில் எளிது.

குத்துவிளக்கைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பித்தளை, எவர்சில்வர், கண்ணாடிப் புட்டி ஆகியவற்றைத் தேர்வில் விரும்பித் தருகிறார்கள். நேராக ஃபிளாஷ் அடித்தால் வெள்ளைப் புள்ளியாகப் பிரதிபலித்துப் படத்தைக் கெடுப்பவை இவைதாம். ஃபிளாஷின் தலையைத் திருப்பி, பக்கவாட்டில் நிறுத்திய தெர்மாகோல் பலகையில் பட்டுத் திரும்பும்படி செய்தால், புள்ளி அகன்று மென்மையான பட்டையாகும். பலகை இல்லையென்றால் வெள்ளைக் கூரையைப் பயன்படுத்தலாம். அப்போது தூரக் கணக்கு மாறும்: ஒளி கூரைக்குச் சென்று கீழே இறங்கும் முழுப் பாதையையும் அளக்க வேண்டும், கூரை விழுங்கும் ஒளியையும் சேர்க்க வேண்டும். நேர்க்கணக்கைவிட இரண்டு படி கூட்டித் தொடங்குவது என் வழக்கம். முன்பு 1/8 வந்த இடத்தில் 1/2 வைப்பேன். நம் கல்லூரி அரங்குகளின் மஞ்சள், பச்சைச் சுவர்களில் மட்டும் ஒளியைத் தட்டிவிடாதீர்கள். பித்தளை பச்சை பூசியதுபோல் வந்துவிடும்.

கருவி தொடர்பான சில செய்திகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கேனன் 1500டி, 3000டி, 200டி இரண்டாம் பதிப்பு ஆகியவற்றின் ஹாட் ஷூவில் (கேமராவின் மேல் ஃபிளாஷைப் பொருத்தும் இடம்) நடு முனை கிடையாது. ஒற்றை முனை டிரிகர்கள் அவற்றில் வேலை செய்யா. சொந்தமாக ஃபிளாஷ் வாங்கும் முன் இதைப் பாருங்கள். ஃபிலிம் காலத்துப் பழைய ஃபிளாஷ்கள் சிலவற்றின் முனைகளில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடும். டிஜிட்டல் கேமராவில் அவற்றை மாட்டக் கூடாது. ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள், அல்கலைன் செல்களைவிட விரைவாக ஃபிளாஷை மறுபடி தயார்ப்படுத்தும். தயார் விளக்கு எரியும் முன் அழுத்தினால் அடுத்த படம் இருண்டு வரும். லைவ் வியூ கேமரா பேட்டரியை விரைவில் குடித்துவிடுவதால், முறை வரும்வரை அதை அணைத்து வையுங்கள். காத்திருக்கும் நேரத்தில் ஃபிளாஷ் தானாக உறங்கிவிடாதபடி அதன் தானியங்கி அணைப்பையும் நிறுத்திவிடுங்கள். கேனன் டிஎஸ்எல்ஆரில் சைலன்ட் லைவ் வியூ இயங்கிக்கொண்டிருந்தால் பிற நிறுவன ஃபிளாஷ் எரியாது. இதை அறியாமல் டிரிகரைக் கழற்றி மாட்டிக்கொண்டே நேரத்தை இழப்பவர்கள் உண்டு.

வாய்மொழித் தேர்வில் தவறாமல் வரும் கேள்விகளில் ஒன்று, ஃபிளாஷின் ஆற்றலைத் தானாக அமைக்கும் டிடிஎல் முறை பற்றியது. கேமரா படத்துக்குச் சற்று முன்பு ஒரு சிறு முன்மின்னலை அனுப்பி, திரும்பிவரும் ஒளியை லென்ஸ் வழியே அளந்து ஆற்றலைத் தீர்மானிக்கிறது என்று விடை சொன்னதும், அப்படியானால் வெள்ளை வேட்டி, சட்டை அணிந்தவரை எடுக்கும்போது என்ன ஆகும் என்று அடுத்து கேட்பார்கள். வெள்ளை மிகுதியான காட்சியைக் கேமரா சாம்பல் நிறமாக்க முயல்வதால் படம் இருளும். ஃபிளாஷ் ஈடுசெய்தலை ஒரு படி கூட்ட வேண்டும். ஒளியைக் கண்டு எரியும் இரண்டாவது ஃபிளாஷ் வைத்திருந்தால், முன்மின்னலிலேயே அது எரிந்து தீர்ந்துவிடும். முன்மின்னலைப் பொருட்படுத்தாத எஸ்2 நிலைக்கு அதை மாற்ற வேண்டும். கேனன் டிஎஸ்எல்ஆரில் லைவ் வியூவில் ஃபிளாஷ் அடிக்கும்போது ஷட்டர் ஒலி இரண்டு முறை ஏன் கேட்கிறது என்ற கேள்வியும் வருவதுண்டு. இரண்டு ஒலி கேட்டாலும் பதிவாவது ஒரே படம் என்பதையும், பொத்தானை அழுத்தியதற்கும் படம் பதிவதற்கும் இடையே தாமதம் கூடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

நன்றாக விடை சொல்பவரிடம், ஷட்டர் வேகம் ஃபிளாஷைப் பாதிக்காது என்ற விதிக்கு விலக்கு உண்டா என்று கேட்பார்கள். 2023-இல் சோனி அறிவித்த ஏ9 III கேமராவில் சென்சாரின் எல்லாப் புள்ளிகளும் ஒரே நேரத்தில் திறந்து மூடுவதால், 1/80000 நொடியிலும் பட்டை விழாமல் ஃபிளாஷ் பதியும். ஆனால் முழு ஆற்றலில் ஃபிளாஷ் எரியும் நேரம் அதைவிட மிக நீளமானது. மின்னலின் நடுவிலேயே ஷட்டர் மூடிவிட, மிச்ச வெளிச்சம் படத்தில் சேராமல் போய்விடுகிறது. அங்கே ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் ஃபிளாஷ் வெளிச்சமும் குறையத்தான் செய்யும்.