ஐந்தாவது அழுத்தலில்தான் எழும் கணினி: கோலாலம்பூர் செந்தூல் வீட்டில் ஒன்பது நாள் சோதனை

நாள் 1 முதல் 3 வரை

கணினியில் இருப்பவை: இன்டெல் ஐ5-3470 பிராசசர், பி75 சிப்செட் போர்டு (மதர்போர்டு), 4 ஜிபி டிடிஆர்3 ரேம் இரண்டு, சாட்டா ஹார்ட்டிஸ்க் ஒன்று, 450 வாட் பவர் சப்ளை. தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. காலையில் பட்டனை அழுத்தினால் விசிறி அரை விநாடி சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. நாலைந்து தடவை அழுத்திய பிறகு பிடித்துக்கொள்கிறது. அதன் பிறகு நாள் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை.

இப்படிப்பட்ட கோளாறில் திருப்புளியை எடுப்பதற்கு முன் காகிதத்தை எடுக்க வேண்டும். எப்போது மறுக்கிறது, எப்போது மறுப்பதில்லை என்று மூன்று நாள் குறித்ததில் கிடைத்தவை: சுவர் சுவிட்சை இரவில் அணைத்து, எட்டு மணி நேரம் கழித்துப் போட்டால் ஐந்து அழுத்தல். கணினியை மட்டும் அணைத்து, சுவர் சுவிட்சை இரவெல்லாம் போட்டபடி விட்டால் இரண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துப் போட்டால் ஒன்றே ஒன்று.

சுவர் சுவிட்ச் போட்டிருந்ததா இல்லையா என்பது ரேமுக்கோ ஹார்ட்டிஸ்குக்கோ தெரியாது. தெரிந்திருப்பது பவர் சப்ளைக்குத்தான். சந்தேகம் அங்கே போய்விட்டாலும், மற்றவற்றை விலக்காமல் காசு செலவழிக்கக் கூடாது.

நாள் 4

முதலில் பட்டன். போர்டில் பவர் சுவிட்ச் வயர் செருகியிருக்கும் இரண்டு பின்களிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் திருப்புளி முனையால் ஒரு கணம் தொட்டு எடுத்தால் போதும், பட்டனை அழுத்தியதற்குச் சமம். அதே தடுமாற்றம் வந்தது. பட்டன் குற்றமில்லை.

அடுத்து, ஹார்ட்டிஸ்க், யூஎஸ்பி, முன்பக்க வயர்கள் எல்லாவற்றையும் கழற்றி, பிராசசர், அதன் விசிறி, ஒரே ஒரு ரேம் என்று வைத்துச் சோதனை. ரேமை மாற்றி, ஸ்லாட்டை மாற்றி நான்கு விதமாகவும் பார்த்தாயிற்று. மாற்றமில்லை. ஆனால் ஒரு ரேமின் தங்க விளிம்பில் மங்கலான படலம் இருந்தது. நம் ஊர் ஈரப்பதத்தில் இது சகஜம். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்து, நன்றாக உலர விட்ட பிறகே திரும்பச் செருக வேண்டும். பென்சில் அழிப்பானை அழுத்தித் தேய்ப்பதைத் தவிர்க்கவும். தங்கப் பூச்சு மெல்லியது, தேய்த்தால் போய்விடும்.

போர்டில் கடிகாரத்தைக் காக்கும் நாணய வடிவ சிஆர்2032 பேட்டரியில் 2.41 வோல்ட். புதியதில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும். இடிக்குப் பயந்து தினமும் சுவிட்சை அணைக்கும் வீடுகளில் இது சீக்கிரம் தீரும். சுவரில் மின்சாரம் இருக்கும்வரை கடிகாரத்தை ஓட்டுவது பவர் சப்ளைதான்; அது இல்லாத நேரத்தில்தான் பேட்டரி செலவாகிறது. பேட்டரியைக் கழற்றினால் பயாஸ் (போர்டின் அடிப்படை அமைப்பு நிரல்) அமைப்புகள் மாறிவிடலாம்; அதனால் மாற்றுவதற்கு முன் அதன் திரைகளைக் கைப்பேசியில் படம் எடுத்து வைக்கவும். சாட்டா அமைப்பு (போர்டு டிஸ்க்குடன் பேசும் முறை) ஏஎச்சிஐ-யிலிருந்து ஐடிஇ-க்கு மாறிவிட்டால் விண்டோஸ் நீலத்திரை காட்டி நின்றுவிடும். டிஸ்க் போய்விட்டது என்று நினைத்து நல்ல டிஸ்க்கை அழித்துவிடுவார்கள்.

பேட்டரி மாற்றியதும் கடிகாரம் சரியானது. காலைத் தடுமாற்றம் அப்படியே இருந்தது.

நாள் 5

இதுதான் முக்கியமான அளவு. பவர் சப்ளையிலிருந்து வரும் பெரிய 24 பின் கனெக்டரைப் போர்டிலேயே விட்டு, அதன் முதுகுப் பக்கத்திலிருந்து, வயர் நுழையும் துளை வழியே மீட்டர் முனையைச் செருக வேண்டும். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடாமல் கவனம். ஊதா வயர்: கணினி அணைந்திருந்தாலும் வர வேண்டிய 5 வோல்ட். கறுப்பு: எர்த். குறைந்தபட்ச அளவைப் பிடித்துவைக்கும் வசதி உள்ள மீட்டர் தேவை. சாதாரண மீட்டர் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

சும்மா இருக்கும்போது 4.91. பட்டனை அழுத்திய கணத்தில் 4.52. அனுமதி 4.75 முதல் 5.25 வரை மட்டுமே.

விசிறி சுற்றி நிற்பதற்குக் காரணம் இங்கேதான். பட்டனை அழுத்தியதும் போர்டு அதே கனெக்டரின் பச்சை வயரை எர்த்துக்கு இழுத்துப் பிடிக்கிறது. அதனால்தான் பவர் சப்ளை முழுதாக எழுகிறது. அப்படிப் பிடித்துக்கொண்டிருக்கும் சுற்றுக்கே சோறு போடுவது ஊதா வயர். அது தாழ்ந்தால் பிடி விடுகிறது, எல்லாம் நின்றுவிடுகிறது. பவர் சப்ளைக்குள் மின்னழுத்தத்தைச் சீராக்கும் கெப்பாசிட்டர் வறண்டு போனால் அதன் உள்மின்தடை கூடும். குளிர்ந்திருக்கும்போது இன்னும் கூடும். ஒவ்வொரு அழுத்தலிலும் கொஞ்சம் சூடேறி, ஐந்தாவதில் தேறிவிடுகிறது.

பச்சையையும் கறுப்பையும் கம்பியால் இணைத்து, விசிறி ஓடினால் பவர் சப்ளை நல்லது என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். இந்தப் பவர் சப்ளையும் அதில் தேறியது. அந்தச் சோதனையில் சுமையே இல்லை. அது முழுதாகச் செத்ததை மட்டுமே காட்டும், தளர்ந்ததைக் காட்டாது.

நாள் 6, 7

வேறொரு கணினியின் பவர் சப்ளையைக் கடன் வாங்கி மாட்டிய இரண்டு காலையும் முதல் அழுத்தலிலேயே எழுந்தது. ஊதா வயரில் 5.06, அழுத்தும்போது 5.01. தீர்ப்பு வந்துவிட்டது.

பழையதன் விசிறிச் சல்லடை வழியே டார்ச் அடித்துப் பார்த்தபோது, வயர்கள் வெளியேறும் ஓரத்தில் தலை உப்பிய கெப்பாசிட்டர் ஒன்று தெரிந்தது. ஜாலான் பாசார் கடைகளில் கெப்பாசிட்டர் வாங்கலாம்தான். ஆனால் உள்ளே 230 வோல்ட் மின்சாரம் நேர்மின்னோட்டமாகும்போது ஏறக்குறைய 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கலாம். பழக்கமில்லாதவர்கள் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். ஒன்று உப்பியிருந்தால் அதே சூட்டில் இருந்த மற்றவையும் அதே வயதுதான்.

நாள் 8

லோ யாட் பிளாசா கணினிக் கடையில் புதிய பவர் சப்ளை. இந்தப் பிராசசரின் வெப்ப அளவு 77 வாட். 400 வாட் தாராளம். பெட்டியில் பெரிதாக அச்சிட்ட வாட்டைவிட, பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசைக்கு எத்தனை ஆம்பியர் என்று பார்ப்பதே சரி. 12 வோல்ட்டில் 30 ஆம்பியர் என்றால் 360 வாட். 80 பிளஸ் முத்திரை (மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்குச் சான்று), 105 டிகிரி வரை தாங்கும் கெப்பாசிட்டர் இரண்டும் இருந்தால் நல்லது. பத்து டிகிரி சூடு கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது கணக்கு. நம் பகல் வெயிலில் பெட்டிக்குள் இருக்கும் சூட்டை நினைத்துப் பாருங்கள்.

வயர்கள் கழற்றி மாட்டும் வகையை வாங்கினால், பழைய பவர் சப்ளையின் வயரைப் புதியதில் செருகவே கூடாது. பவர் சப்ளைப் பக்கத்து பின் வரிசை ஒரு கம்பெனிக்கு ஒரு மாதிரி. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போனால் டிஸ்க் கருகிவிடும்.

நாள் 9

எட்டு மணி நேரம் அணைந்திருந்த பிறகு முதல் அழுத்தலில் எழுந்தது. ஆனால் விண்டோஸ் வர நான்கு நிமிடம். இது வேறு கோளாறு. டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அளவுகளில், பழுதான இடங்களைக் காட்டும் 05, சந்தேகத்துக்குரிய இடங்களைக் காட்டும் சி5 இரண்டும் பூச்சியம். டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே தகவல் பிழையாகப் போனதை எண்ணும் சி7 மட்டும் பூட் ஆகும் ஒவ்வொரு தடவையும் ஏறியது. சி7 ஏறினால் முதலில் வயரைச் சந்தேகிக்க வேண்டும், டிஸ்க்கை அல்ல. சாட்டா வயரை மாற்றியதும் எண்ணிக்கை நின்றது. ஐம்பது விநாடியில் திரை வந்தது.

இடி நேரத்தில் சுவர் சுவிட்சை அணைப்பதோடு விடாமல் பிளக்கையும் லேன் (இணைய) வயரையும் பிடுங்கி வைக்கவும். சுவர் சுவிட்ச் பெரும்பாலும் ஒரே கம்பியைத்தான் துண்டிக்கிறது. மின்னல் லேன் வயர் வழியாகவும் வரும்.