கேள்வித்தாள் பாஸ் ஆவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது

ஒருவழியாக என் கேள்வித்தாளுக்கு ஓகே வாங்கிவிட்டேன். காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பிரஷரும் சுகரும் உள்ள பெரியவர்களின் சாப்பாடு, மாத்திரை, வெற்றிலைப் பழக்கம் பற்றிய ஆய்வு. தலைப்பு, அனுமதிக் கடிதம் எல்லாம் வழக்கம்போல நடந்தது. நெறிமுறைக் குழு மட்டும் சம்மதப் படிவத்துக்குத் தமிழ்ப் பிரதி இல்லை என்று ஒரு முறை திருப்பி அனுப்பியது, அதை முதலிலேயே வைத்துவிடுங்கள். என் ஆத்திரமெல்லாம் கேள்விகளைப் பற்றித்தான்.

எங்கள் துறையில் பேட்ச் பேட்ச்சாகக் கைமாறி வரும் பழைய படிவம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று என் ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு சொல்லிவிட்டார். அதில் ஒரு கேள்வி: "புகையிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று தெரிந்தும் அதைப் பயன்படுத்துகிறீர்களா?" இதற்கு எந்த ஆச்சி ஆமாம் என்பார்? இன்னொன்று: "தினமும் நடைப்பயிற்சி செய்து, உப்பைக் குறைத்துச் சாப்பிடுகிறீர்களா?" காலையில் ஊரணியைச் சுற்றி நடந்துவிட்டு வந்து ஊறுகாயோடு உட்காருகிறவர் எதை டிக் அடிப்பது? கைடிடம் கேட்டால், போகிற போக்கில் கொஞ்சம் விழிப்புணர்வும் வரட்டுமே என்கிறார். விழிப்புணர்வுக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுக்கலாமே மேடம் என்று வாய் வரை வந்தது, இன்டர்னல் மார்க்கை நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

சரி, பழைய படிவத்தையே எடுத்துக்கொண்டு பைலட்டுக்கு, அதாவது முன்னோட்டமாகச் சிலரிடம் கேட்டுப் பார்க்க, போனேன். வழி காட்டுவதற்கு ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சுகாதாரப் பணியாளரை உடன் அனுப்பினார்கள். அவர் இல்லாமல் வீட்டுக்குள் கால் வைத்திருக்க முடியாது, அது உண்மை. ஆனால் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், உட்கார்ந்து "மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிடுகிறீர்களா?" என்று நான் வாசித்ததும் ஆச்சி என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார். "ஆச்சி கரெக்டா போட்டுருவாங்க" என்று அவரே பதிலும் சொல்லிவிட்டார். டிக். அடுத்த வீட்டில் ஆள் இருக்கிறார்களா பார்க்க அவர் எழுந்து போனதும் ஆச்சி பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார், பிரிக்காத அட்டைகள் அடுக்காக இருந்தன. "காலையில போட்டா கிறுகிறுன்னு வருதுத்தா, அதான் ஒருநாள் விட்டு ஒருநாள். அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிடாத, பாவம், அக்கறையா விசாரிக்குது." ஆக, உடன் வருபவர் அறிமுகம் செய்துவிட்டுத் திண்ணையில் இருக்கட்டும், கேள்வி கேட்கும்போது பக்கத்தில் வேண்டாம். கேள்வியையும் இப்படி மாற்றினேன்: "சில பேருக்குச் சில நாள் மாத்திரை விட்டுப்போகும். கடந்த 7 நாளில் உங்களுக்கு எத்தனை நாள் விட்டுப்போனது?" இதற்கு எண்ணாகப் பதில் வருகிறது, யாரும் முகம் சுளிப்பதும் இல்லை.

மாத்திரை எங்கே கிடைக்கிறது என்ற கேள்வியில் அரசு மருத்துவமனை, தனியார், மருந்துக்கடை என்று மூன்றே கட்டம். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கி வீட்டுக்கே மாத்திரை வருகிறது, படிவத்துக்கு அது தெரியவே தெரியாது.

அப்புறம் குடும்பம். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் பாதிக்குப் பூட்டுதான் பதில் சொல்லும், வாட்ச்மேன் "எல்லாரும் மெட்ராஸ்ல" என்பார். ஒரு தடவை பஸ் ஏறிப் போனது முழுக்க வீண். முதலிலேயே போனில் கேட்டுவிட்டுப் போங்கள். ஆள் இருக்கும் வீட்டிலும் "குடும்பத்தில் எத்தனை பேர்?" என்பது சிக்கல்தான். நகரத்தாரில் கல்யாணம் ஆனால் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு, மகனை வேறு வைத்துவிட்டால் ஒரே வீட்டுக்குள் தனித்தனிச் சமையல். வீட்டுக்கு எவ்வளவு உப்பு என்று கேட்டால் யார் அடுப்புக்கு? அதனால் "உங்கள் அடுப்பில் சாப்பிடுபவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டு, ஒரு கிலோ பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்பதை அடுத்து வைத்தேன். 4 பேருக்கு 30 நாள் வந்தால் ஆளுக்குத் தினம் 8 கிராமுக்கு மேல், உலக சுகாதார நிறுவனம் 5 கிராமுக்குக் குறைவாக என்கிறது. "உப்பு அதிகமா, குறைவா?" என்று கேட்டிருந்தால் எல்லோரும் "அளவாத்தான்" என்று முடித்திருப்பார்கள். ஊறுகாய், வத்தல், அப்பளத்தைத் தனியாகக் கேளுங்கள், அதைச் சாப்பாட்டுக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. அந்தப் பாக்கெட்டிலிருந்து ஊறுகாய் போட உப்பு எடுத்தார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் கணக்கு எகிறிவிடும்.

புகையிலைக்கும் இதே வழி. "வெற்றிலை போடுவதுண்டா?" என்று தொடங்கி, "அதோடு என்னென்ன சேர்ப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பாக்கு, சுண்ணாம்பு, அப்புறம் தானாகப் புகையிலையும் வரும். கை கழுவுவதையும் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். தேசியக் குடும்பநல ஆய்வில் கை கழுவும் இடத்தையே காட்டச் சொல்லி, தண்ணீரும் சோப்பும் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், நானும் அதையே எடுத்துக்கொண்டேன்.

கைடை மசிய வைத்தது வாதம் இல்லை. அதே ஆட்களிடம் பழைய கேள்விக்கு வந்த பதிலையும் புதிய கேள்விக்கு வந்த பதிலையும் பக்கத்துப் பக்கத்தில் அடித்து மேஜையில் வைத்தேன். இடது பக்கம் வரிசையாக ஆம், ஆம், ஆம். வலது பக்கம் 3 நாள், 2 நாள், 5 நாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "சரி, இதையே போடு" என்றார். அன்றைக்குப் புதுவயல் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், வலியே தெரியவில்லை.

ஆனால் அதோடு விடவில்லை. கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா என்ற எண் 0.7க்கு மேல் வர வேண்டும் என்றார். ஒரே விஷயத்தைப் பல கேள்விகளால் அளந்தால்தானே அதற்கு அர்த்தம், ஊறுகாய்க்கும் வெற்றிலைக்கும் என்ன சம்பந்தம்? புள்ளியியல் ஆசிரியரிடம் போய், இதற்கு அது பொருந்தாது, இரண்டு வாரம் கழித்து அதே ஆட்களிடம் திரும்பக் கேட்டு ஒப்பிட்டால் போதும் என்று கையெழுத்தோடு எழுதி வாங்கி வந்தேன். நீங்களும் எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை வைவாவில் செல்லாது. மறுபடி கேட்கப் போகும் வாரத்தில் அந்த ஊரில் கல்யாணமோ திருவிழாவோ இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு தேதி வையுங்கள். விருந்துச் சாப்பாட்டு வாரமாக இருந்தால் கடந்த 7 நாள் கேள்விகள் எல்லாம் புரண்டுவிடும், கேள்விதான் சரியில்லை என்று பழி உங்கள் தலையில் விழும்.