அம்மாவின் குடல் ஸ்கேன்: நாட்குறிப்பு

மார்ச் 9, ஞாயிறு

வியாழக்கிழமை அம்மாவுக்கு சி.டி. கொலனோகிராபி, அதாவது பெருங்குடலை ஸ்கேனில் படம் எடுப்பது. ரத்தம் குறைந்துகொண்டே போவதால் பெருங்குடலைப் பார்த்தாக வேண்டும் என்றார் டாக்டர். போன மாதம் கொலனோஸ்கோப்பி (கேமரா வைத்த குழாயைக் குடலுக்குள் விட்டுப் பார்ப்பது) செய்தபோது குழாய் ஒரு வளைவைத் தாண்டிப் போகவில்லை. அதனால்தான் ஸ்கேன். இதற்கு மயக்க ஊசி வேண்டாம், ஆனால் வயிற்றைக் கழுவித்தான் ஆக வேண்டும். ஒட்டியிருக்கும் மலத்துணுக்கு படத்தில் பாலிப் (குடல் சுவரில் வளரும் சிறு சதை) மாதிரியே தெரியலாமாம்.

இரும்புச்சத்து மாத்திரையை டாக்டர் போன வாரமே நிறுத்திவிட்டார். அது மலத்தைக் கறுப்பாக்கி ஒட்ட வைக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

கீரை, முருங்கைக்காய், கொய்யா, விதையுள்ள எதுவும் இல்லை. இட்லி, வெள்ளைச் சாதம், மோர். "கீரை இல்லாம எப்படிடீ சோறு இறங்கும்?" என்று அம்மா இரண்டு கவளத்தோடு எழுந்துவிட்டார்.

மார்ச் 12, புதன்

இன்று திட உணவே கிடையாது. இளநீர், வடிகட்டிய ஆப்பிள் ஜூஸ், பால் சேர்க்காத டீ. சிவப்பு நிறத்தில் எதுவும் கூடாது. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் இன்று எந்தெந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கியிருந்தேன். அடிக்கடி குத்திப் பார்த்தேன், நல்லவேளை, சர்க்கரை இறங்கவில்லை.

போன முறை குடலைக் கழுவும் பெக்லெக் பொடி கரைத்த 2 லிட்டர் தண்ணீரையும் ஒரே இரவில் குடிக்கச் சொல்லி, பாவம், பாதியை வாந்தி எடுத்தார். வயதானவர்களுக்கு இப்படிச் சொல்லி அனுப்புவது எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்த முறை நானே கேட்டேன். மாலையில் ஒரு லிட்டர், விடிகாலையில் ஒரு லிட்டர் என்று பிரித்துக் கொடுத்தார்கள். அதுதான் குடலையும் நன்றாகச் சுத்தம் செய்யுமாம். இந்தப் பொடியை உடம்பு உறிஞ்சாது. தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைத்து அப்படியே வெளியே தள்ளும். உப்புகள் கலந்திருப்பதால் உடம்பின் உப்பு அதிகம் மாறாது. குடல் கழுவும் இன்னொரு வகையான பாஸ்பேட் மருந்து சிறுநீரகத்துக்கு ஆகாது என்பதால் அம்மாவுக்கு அதைத் தரவில்லை.

ஃப்ரிட்ஜில் வைத்து, கால் மணிக்கு ஒரு டம்ளர். குளிரக் குளிர இருந்தால் குமட்டல் குறைகிறது. கக்கூஸ் விளக்கை அணைக்கவில்லை, வழுக்காத மிதியடி போட்டேன், எரிச்சலுக்குத் தேங்காய் எண்ணெய். போவதன் நிறம் பார்க்க நான் உள்ளே வந்தபோது அம்மா கூசினார். "எனக்கு நீ செய்யாததாம்மா?" என்றேன்.

இரவு ஒரு கான்ட்ராஸ்ட் திரவமும் குடித்தார். மலம் மிச்சம் மீதி இருந்தால் படத்தில் வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும்.

மார்ச் 13, வியாழன்

விடிகாலை டம்ளர்கள் சுலபமாக இறங்கின. கடைசியில் தெளிந்த மஞ்சள் தண்ணீர்தான் போனது.

ஸ்கேன் அறையில் ஆசனவாய் வழியாக மெல்லிய குழாயில் வாயு செலுத்தி, மல்லாந்து ஒரு முறை, குப்புற ஒரு முறை எடுத்தார்கள். புரளும்போது படத்தில் தெரிவது நகர்ந்தால் அது பெரும்பாலும் கழிவு. பாலிப் பொதுவாக இடம் மாறாது. அரை மணிக்குள் முடிந்தது. குடல் சுத்தமாக இருக்கிறது என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தயிர் சாதம். ரிப்போர்ட் நாளை மாலை. பாலிப் இருந்தால் எடுக்க மறுபடி கொலனோஸ்கோப்பிதான், அதற்கும் இதே மருந்து. அப்போதும் பிரித்தே தரலாமா என்று இன்றே கேட்டுவிட்டேன். தரலாம் என்றார்கள்.