நெல் அறுப்பு மெஷின்ல டிரம் பல் மாத்தியாச்சு, டேங்குல நெல்லோட உமி போன அரிசி விழுறது குறைஞ்சிருக்கு

போன கும்பப்பூ (ரெண்டாம் போகம்) அறுப்பு முடிஞ்சப்பவே மில்லுக்கார அண்ணாச்சி மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு, "மக்கா, உன் வண்டில அறுத்த நெல்லுன்னா எனக்கு வேண்டாம், அவிக்கும்போது உமி போன அரிசியெல்லாம் வெடிச்சு கஞ்சியா ஆவுது"ன்னு. நம்ம நாகர்கோவில் பக்கம் புழுங்கல் அரிசிதானே, பச்சரிசிக்குன்னா இவ்வளவு தெரியாது. அன்னைக்கு ராத்திரி எனக்கு ஒறக்கமே வரல்ல.

எல்லாரும் சொல்ற மாதிரி மொதல்ல ஆர்பிஎம்மைத்தான், அதாவது டிரம் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுங்கறதைத்தான், குறைச்சேன். கதிரை அடிச்சு நெல்லை உதிர்க்குற அந்த டிரம் 60 சென்டிமீட்டர் விட்டம், 700ல ஓடுனா பல்லு நுனி செகண்டுக்கு 22 மீட்டர் போவுது, 600க்கு இறக்குனா 19க்கு கொஞ்சம் கீழ. அரிசி விழுறது குறைஞ்சது என்னவோ உண்மை, ஆனா கன்னிப்பூ (மொதப் போகம்) அறுப்புல நம்ம பக்கத்து மழை தெரியுமே, வைக்கல் ஈரமா டிரம்ல சுத்திக்கிட்டு, பின்னால போற தாளுல நெல்லு அப்படியே ஒட்டிக்கிட்டு கெடக்கு. தேரூர் பக்கம் ஒரு வயல்ல வரப்புல நின்ன பாட்டி அதைக் கைநிறைய அள்ளிட்டு வந்து என் முகத்துக்கு முன்னால உலுக்கிக் காமிச்சா. திரும்ப 700.

அப்புறம்தான் கான்கேவ் இடைவெளியைப் பாத்தேன், அதாவது டிரம் பல்லுக்கும் அதுக்கு அடியில வளைஞ்சு நிக்குற கம்பிச் சல்லடைக்கும் நடுவுல உள்ள இடைவெளி. மெஷின் மேல வச்ச ஸ்கேலை நம்பி ரெண்டு சீசன் ஓட்டிருக்கேன், முட்டாள். இந்தத் தடவை வயல் களிமண்ணை எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டி கான்கேவ் கம்பி மேல இடம், வலம், நடுன்னு ஒட்டி, பெல்ட்டைக் கையால இழுத்து டிரம்மை ஒரு சுத்து சுத்திட்டு, பல்லு அமுக்குன இடத்துல மண்ணு எவ்வளவு தடிமன்ல நிக்குன்னு வெர்னியர் வச்சுப் பாத்தேன். இடது பக்கம் 18 மில்லி. வலது பக்கம் 11!  டிரம் தண்டைத் தாங்குற வலது பக்க பேரிங் பிளாக்கோட போல்ட் ஓட்டை தேஞ்சு நீளமாகி பிளாக்கே கீழ இறங்கிட்டு. நெருங்கிப் போன அந்தப் பக்கத்துலதான் உமி உரியுது, நான் ஆர்பிஎம்மைப் போட்டு அடிச்சுக்கிட்டு இருந்தேன்.

வடசேரில லேத்துல குடுத்து பிளேட் வெல்ட் பண்ணி புதுசா துளை போட்டு, 18க்கு 18 நிறுத்தி, பெருமையா ஒரு டீ குடிச்சிட்டுத்தான் பல்லு மாத்த உக்காந்தேன். அதுலதான் கோட்டை விட்டது. பழசு தேஞ்சு போன பல்லு, புதுசு 4, 5 மில்லி நீளம் கூடுதல், அப்ப நான் வச்ச 18 எல்லாம் 13, 14. மொதல்ல பல்லு, பெறவு இடைவெளி. மறுபடி களிமண் உருண்டை.

பல்லு வாங்குனது பஞ்சாப்லேர்ந்து லாரில வந்த சரக்கு, கடை பேரு வேண்டாம். பாத்தா எல்லாம் ஒண்ணு மாதிரி, பலசரக்குக் கடை தராசுல வச்சா ஒண்ணுக்கொண்ணு 30 கிராம் வரை வித்தியாசம். 30 கிராம்தானேன்னு நெனைக்காதீங்க, 700 ஆர்பிஎம்ல 30 சென்டிமீட்டர் ஆரத்துல அது கிட்டத்தட்ட 5 கிலோ பாரம் மாதிரி தண்டை இழுக்கும், ஒவ்வொரு சுத்துக்கும். தரையில சாக்கை விரிச்சு எடை வாரியா அடுக்கி, ஒரே எடை உள்ளதை ஜோடி ஜோடியா எடுத்து எதிரெதிர் பட்டையில நேருக்கு நேர் மாட்டினேன். ரெண்டு நாள் அதுலயே போச்சு, வீட்டுக்காரி அந்தத் தராசைத் திருப்பிக் குடுக்கச் சொல்லி நாலு தடவ போன் பண்ணிட்டா.

இறச்சகுளத்துல மூணு ஏக்கர் அம்பை 16 ரக நெல்லு ஓட்டிப் பாத்தேன். டேங்குல நாலு இடத்துல கைவிட்டு எடுத்து 100 கிராம் எடை போட்டுப் பொறுக்குனா, உடைஞ்சதும் உமி போனதும் சேத்து 2 கிராம்கூட இல்ல, முன்னால 5 வந்தது. வைக்கல்ல நெல்லு நிக்கல்ல. கொள்முதலுக்குக் கொண்டு போறவங்க 17 சதவீத ஈரப்பதத்துக்குக் காயப்போட்டே ஆவணும், அது வண்டி கையில இல்ல.

விதை நெல்லுக்கு எங்கம்மா இன்னும் வண்டியை வயல் பக்கம் விடமாட்டா. விதைன்னா 100க்கு 80ஆவது முளைக்கணும், கீறல் விழுந்த நெல்லு சரியா முளைக்காதுன்னு அவளுக்கு நல்லாத் தெரியும். இந்தத் தடவ கைப்பிடி அளவு தனியா எடுத்து வச்சிருக்கேன், புது நெல்லுக்குக் கொஞ்சம் ஒறக்கம் இருக்கும்லா, ஒரு மாசம் கழிச்சு ஈரச்சாக்குல கட்டிப் பாக்கணும்.

இன்னும் சாவி நெல்லு (பதர்) கூடுதலா டேங்குக்கு வருது, காத்து விசிறி புல்லியை மாத்தணும், அதுக்கு கோயம்புத்தூர்ல ஒரு ஆளுகிட்ட விலை கேட்டு வச்சிருக்கேன். சரியா உதிராத கதிரை மறுபடி டிரம்முக்குக் கொண்டு போற ரிட்டர்ன் ஆகரையும் திறந்து பாக்கணும், ஏற்கெனவே உதிர்ந்த நெல்லு மறுபடி டிரம்முக்கு ஏறி ரெண்டாவது அடி வாங்குதுன்னு ஒரு சந்தேகம். ஆனா அதுக்கு முன்னால பெட்டில நாலு பல்லு குறைவா அனுப்பிட்டான் அந்தப் பல்லு வித்த ஆளு, இப்போதைக்குப் பழசுலயே தேறுன நாலை எடை பாத்து எதிரெதிரா மாட்டிருக்கேன். போன் பண்ணா "நாளைக்கு அனுப்புறேன் பாய் சாப்"ங்கான். பன்னிரண்டு நாளாச்சு.